ஆச்சி சொன்னது நக்கல் என்று ஏஐக்குத் தெரியுமா? (வீடியோவில் கிண்டலைக் கண்டுபிடிப்பது பற்றி)

வசனவரி | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். எட்டு வருடமாக சப்டைட்டில் எழுதுகிறேன். என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவனுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். போன மாதம் வீட்டில் நடந்த ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

ஊரில், திருநெல்வேலிப் பக்கம், புது வீட்டில் பால் காய்ச்சினோம். விடியற்காலை 5 மணிக்கு முகூர்த்தம். பெரியப்பா மகன் வந்து சேர்ந்தபோது மத்தியானம் இரண்டரை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி அவனைப் பார்த்ததும், "ஏ, வா ராசா! நேரத்தோட வந்துட்டியே. இனிமத்தான் பால் காய்ச்சணும்" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தது ஒரு நொடி கழித்துத்தான்.

தம்பிக்குச் சென்னையில் லீவு கிடைக்கவில்லை. அவனுக்கு வீடியோவை அனுப்ப வேண்டும், எனக்கோ கையில் வேறு வேலை. அவசரத்தில் ஒரு ஏஐ கருவியில் போட்டு சப்டைட்டில் எடுத்தேன். அது ஆச்சியின் பேச்சை இப்படித் திருத்தி எழுதியிருந்தது: "வாருங்கள். நீங்கள் சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள். இனிமேல்தான் பால் காய்ச்ச வேண்டும்." கீழே ஒரு சுருக்கமும் கொடுத்திருந்தது: மூதாட்டி விருந்தினரை அன்போடு வரவேற்கிறார், சடங்கு இன்னும் தொடங்கவில்லை என்று தெரிவிக்கிறார்.

நான் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். ராத்திரி தம்பியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "காலைலயே பால் பொங்கின போட்டோ அனுப்பினீங்களே. ஆச்சிக்கு மறதி வந்துடுச்சா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

ஆச்சிக்கு 84 வயது. அவன் பயந்ததில் தப்பே இல்லை. அன்றைக்கு இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் கேள்வி இதுதான். எழுத்தில் கிண்டலைக் கண்டுபிடிப்பது பற்றி நிறையப் பேசுகிறார்கள். வீடியோவில் குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது, இடம் இருக்கிறது. இத்தனை இருந்தும் ஏன் பிடிபடவில்லை?

---

கணினிமொழி | செவ்வாய், இரவு 10.25

மொழித் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி மாணவன். இது எனக்கு நெருக்கமான விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீடியோவில் குத்தலைக் கண்டுபிடிக்க 2019-இல் மஸ்டார்ட் என்று ஒரு டேட்டாசெட் (ஏஐக்குக் கற்றுக்கொடுக்கவும் சோதிக்கவும் விடையோடு சேர்த்து வைத்த மாதிரிகளின் தொகுப்பு) வந்தது. மொத்தம் 690 கிளிப். பாதி குத்தல், பாதி சாதாரணப் பேச்சு. பெரும்பாலும் 'பிரண்ட்ஸ்', 'தி பிக் பேங் தியரி' மாதிரியான அமெரிக்க டிவி தொடர்களிலிருந்து எடுத்தவை. எழுத்து, குரல், முகம் என்று ஒன்றுக்கு மேற்பட்டதைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பிழை குறையலாம் என்று காட்டினார்கள். ஆக, வீடியோ உதவுகிறது என்பது உண்மைதான்.

ஆனால் அந்தக் கிளிப்புகளில் பேசுகிறவர்கள் நடிகர்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எட்டும்படி குத்தலை எடுத்துக்காட்டிப் பேசுவது அவர்கள் தொழில். கண்ணை உருட்டுவார்கள், குரலை இழுப்பார்கள். உங்கள் ஆச்சி அதெல்லாம் செய்யவில்லை.

நகைச்சுவைப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கல். 2016-இல் ஒரு வேலையில் டிவி தொடரின் பின்னணிச் சிரிப்பையே விடையாக வைத்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் அதற்கு முந்தைய வசனம் நகைச்சுவை. 2019-இல் வந்த யூஆர்-ஃபன்னி என்ற தொகுப்பு டெட் மேடை உரைகளை வைத்துச் செய்தது. அங்கே டிரான்ஸ்கிரிப்டில் 'சிரிப்பு' என்று குறிப்பு இருக்கும் இடம்தான் விடை. சிரிப்பு எங்கே வரும் என்று மாடல், அதாவது இந்த மாதிரிகளிலிருந்து கற்கும் ஏஐ நிரல், கற்றுக்கொள்கிறது. ஏன் வந்தது என்பது வேறு பாடம்.

தமிழுக்கு வந்தால், 2023-இல் ஃபயர் என்ற தகவல் தேடல் ஆய்வு மாநாட்டில் தமிழ், மலையாளக் குத்தலைக் கண்டுபிடிக்கும் போட்டி நடந்தது. அங்கே கொடுத்தது யூடியூப் பின்னூட்டங்கள். எழுத்து மட்டும்தான், அதுவும் ஆங்கிலம் கலந்த எழுத்து. இந்தியில் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடரின் உரையாடல்களை வைத்து 2021-இல் ஒரு தொகுப்பு செய்திருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஒரு ஆச்சி இதில் எதிலும் இல்லை.

---

கட்டிங்மேசை | செவ்வாய், இரவு 11.10

நான் எடிட்டர். கல்யாண வீடியோவில் தொடங்கி இப்போது வெப் சீரிஸ் வரைக்கும் வெட்டி ஒட்டுகிறேன்.

வசனவரி அண்ணே, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. 'ஒரு நொடி கழித்துத்தான் சிரித்தார்கள்' என்றீர்களே, அந்த ஒரு நொடிதான் மொத்த விஷயமும். நான் வெட்டுகிற வீடியோ நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படம். கூகுளின் ஏஐயான ஜெமினி, வீடியோவிலிருந்து நொடிக்கு ஒரு பிரேம்தான் இயல்பாக எடுக்கும் என்று அவர்களுடைய டெவலப்பர் ஆவணத்திலேயே இருக்கிறது. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்களோ தெரியாது, ஆனால் நீள வீடியோவை முழுசாகப் பார்ப்பது செலவு பிடித்த வேலை. அதனால் பல இடங்களில் ஏதோ ஒரு அளவில் பிரேமைத் தவிர்ப்பார்கள்.

எடிட்டிங் மேசையில் ஒரு காமெடி வசனத்துக்குப் பிறகு எத்தனை பிரேம் விடுவது என்று நானும் டைரக்டரும் அரை மணி நேரம் சண்டை போட்டதுண்டு. 8 பிரேம் விட்டால் சப்பென்று இருக்கும், 14 விட்டால் தியேட்டர் சிரிக்கும். வித்தியாசம் கால் நொடிதான். நொடிக்கு ஒரு படம் பார்க்கிறவனுக்கு அந்தக் கால் நொடி எங்கே தெரியப்போகிறது?

இன்னொன்று. ஒரே முகத்தை வேறு வேறு ஷாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் ஜனம் வேறு வேறு உணர்ச்சியைப் படிப்பார்கள். நூறு வருடத்துக்கு முன்பே ரஷ்யாவில் குலெஷோவ் என்ற சினிமா இயக்குநர் சொன்னது. அதாவது அர்த்தம் முகத்தில் மட்டும் இல்லை, பக்கத்து ஷாட்டிலும் இருக்கிறது. ஆச்சி பேசும்போது வாசலில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அரிசி மாவுக் கோலம் கால் பட்டு அழிந்திருக்கும். வாழை மரம் வாடித் தொங்கியிருக்கும். அதைப் பார்த்தாலே பால் எப்போதோ காய்ச்சியாயிற்று என்று தெரிந்துவிடும்.

---

யாழ்நிலா | புதன், காலை 6.05

நான் யாழ்ப்பாணத்தில பிறந்து இப்ப டொரொன்டோவில இருக்கிறன். உங்கட தம்பியின்ர செய்தியை வாசிக்க நெஞ்சு கனத்துப் போச்சுது.

குரலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேணும். நக்கலாகக் கதைக்கும்போது குரல் இப்படித்தான் மாறும் என்று உலகத்துக்கே ஒரு விதி இல்லை. மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் ஆங்கிலத்தையும் சீனாவின் கான்டனீஸ் மொழியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலம் பேசுகிற ஆட்கள் குத்தலுக்குக் குரலைத் தாழ்த்துகிறார்கள். கான்டனீஸ் ஆட்கள் உயர்த்துகிறார்கள். நேர் எதிர். அமெரிக்க நாடகத் தொடரில் படித்த மாடல் திருநெல்வேலி ஆச்சியின்ர குரலில் எதைத் தேடும்?

எங்கட அம்மம்மா 'நல்ல கெட்டிக்காரன்' என்று சொன்னால், 'நல்ல' என்ற சொல்லை எவ்வளவு இழுக்கிறா என்பதில்தான் எல்லாம் இருக்கும். கனடாவில பிறந்த என்ர பிள்ளைகளுக்குத் தமிழ் நல்லா விளங்கும், ஆனால் அந்த இழுவை பிடிபடப் பல வருஷம் எடுத்தது. தன்னைப் புகழுறா என்று நினைத்து என்ர மகள் ஒருமுறை 'தாங்க்யூ அம்மம்மா' என்றாள்.

அதோட இன்னொன்று. ஆச்சி வரவேற்கவும்தான் செய்தா. பகிடியும் பாசமும் சேர்ந்துதானே வந்தது. மெஷின் 'அன்போடு வரவேற்கிறார்' என்றதை முழுப் பிழை என்று நான் சொல்ல மாட்டன்.

---

ஐயம் | புதன், காலை 8.30

எல்லாரும் மெஷினைக் குறை சொல்கிறீர்கள். மனிதர்களுக்கு மட்டும் எப்போதும் புரிகிறதா? நையாண்டிச் செய்தியை நிஜச் செய்தி என்று நம்பி குடும்பக் குரூப்பில் அனுப்புகிறவர்கள் எத்தனை பேர்!

வஞ்சப்புகழ்ச்சி நமக்குப் புதிதும் இல்லை. புறநானூற்றில் (95) அதியமானின் தூதராகப் போன ஔவையார் தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்துச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். உன் வேல்கள் மயில் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் உள்ள அரண்மனையில் பத்திரமாக இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இந்தப் பாட்டை ஒரு ஏஐயிடம் கொடுத்துக் கேட்டேன். புகழ்வது போல் இகழ்கிறார், தொண்டைமானுக்குப் போர்ப் பழக்கம் இல்லை என்று அழகாக விளக்கிவிட்டது. அப்புறம் எப்படி அதற்கு முரண்நகை புரியாது என்கிறீர்கள்?

---

கணினிமொழி | புதன், காலை 9.15

ஐயம், அந்தப் பாட்டுக்குப் பள்ளிக்கூட நோட்ஸிலிருந்து இலக்கணப் பாடம் வரைக்கும் இணையத்தில் நூற்றுக்கணக்கான உரை கிடக்கிறது. வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணம் கேட்டாலே அதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். மாடல் அதைப் படித்திருக்கிறது. தானாகக் கண்டுபிடித்ததா, ஞாபகத்திலிருந்து சொன்னதா என்று அந்தப் பாட்டை வைத்துச் சொல்லவே முடியாது.

அதனால்தான் வசனவரியின் வீடியோ எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு உரை எழுதியவர் யாரும் இல்லை.

மனிதர்கள் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மஸ்டார்டில்கூட முதல் சுற்றில் எது குத்தல் என்று குறி போட்டவர்களுக்குள்ளேயே ஒற்றுமை குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நமக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்போம், 'நிஜமாவா?' என்று கேட்போம். தம்பி கேட்டான் பாருங்கள், அது மாதிரி.

வசனவரி, முடிந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். முதலில் ஆச்சியின் வார்த்தைகளை அப்படியே பேச்சு வழக்கில் எழுத்தாக மட்டும் கொடுங்கள். அப்புறம் 12 நொடிக் கிளிப். அதற்கப்புறம் காலையிலிருந்து எடுத்த முழு வீடியோ. மூன்றிலும் 'இங்கே என்ன நடக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். 'இது நக்கலா?' என்று கேட்டுவிடாதீர்கள். அதைத் தனியாகக் கடைசியில் கேட்கலாம். கூடவே யாராவது மனதாரப் பேசிய ஒரு கிளிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க.

---

வசனவரி | வியாழன், இரவு 10.50

செய்து பார்த்தேன். இரண்டு கருவிகளில், ஒவ்வொன்றிலும் மூன்று தடவை. இது ஒரு வீட்டு வீடியோ, அவ்வளவுதான். இதை வைத்து ஏஐ பற்றிப் பெரிய தீர்ப்பு சொல்ல வரவில்லை.

எழுத்து மட்டும் கொடுத்தபோது: உற்சாகமான வரவேற்பு. 'ராசா' என்பது அன்பான விளிப்பு என்றும் சொன்னது.

12 நொடிக் கிளிப்: அதே பதில். ஒன்று மட்டும் கூடுதல், 'சுற்றியிருப்பவர்கள் மகிழ்ச்சியில் சிரிக்கிறார்கள்.' சிரிப்பைப் பிடித்துவிட்டது, காரணத்தைப் பிடிக்கவில்லை. கணினிமொழி சொன்னது அப்படியே.

முழு வீடியோ கொடுத்தபோது எனக்கே ஆச்சரியம். ஒரு கருவி மூன்றில் இரண்டு தடவை சரியாகச் சொன்னது. காலையில் பால் பொங்கும் காட்சி வருகிறது, இந்த நபர் தாமதமாக வந்திருக்கிறார், மூதாட்டி அவரைக் கேலி செய்கிறார் என்றது. படித்ததும் மனது லேசானது. பொய் சொல்லவில்லை, சந்தோஷமாகவே இருந்தது. முன்கதை தெரிந்தால் அதற்கும் புரிகிறது.

அப்புறம் கடைசிக் கேள்வி. 'இதில் நக்கல் இருக்கிறதா?' ஆச்சி கிளிப்புக்கு இரண்டு கருவியும் 'ஆம்' என்றன. ஒப்பிட்டுப் பார்க்க அத்தை பேசிய கிளிப்பை எடுத்திருந்தேன். அத்தை சிரமப்பட்டுச் சேர்த்த பணத்தில் வீட்டுக்குக் கதவு செய்து கொடுத்தவர். கதவைத் தடவிக்கொண்டே, 'நல்லா இருங்கப்பா, இந்த வாசல்ல எப்பவும் ஆள் நடமாட்டம் இருக்கணும்' என்று அழுகிற மாதிரி சொல்வார். அதற்கும் ஒரு கருவி 'ஆம், மறைமுகமான குத்தல் இருக்கலாம், உறவினர்கள் வருவதில்லை என்ற மனக்குறை தெரிகிறது' என்று காரணத்தோடு எழுதியது.

இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நக்கலைத் தவறவிட்டால் தம்பி பயப்படுவான். இல்லாத நக்கலை எழுதிவிட்டால் அத்தையை அவன் தப்பாக நினைப்பான். அத்தைக்கு அது தெரியவே தெரியாது.

---

கட்டிங்மேசை | வியாழன், இரவு 11.30

அத்தை விஷயம் படித்ததும் கஷ்டமாக இருந்தது அண்ணே. கேள்வியிலேயே பதிலைத் திணித்துவிட்டால் அது அந்தப் பக்கம் சாய்கிறது. சின்ன அசிஸ்டென்டிடம் 'இந்த ஷாட் மந்தமா இருக்குல்ல?' என்று கேட்டால் அவனும் ஆமாம் சார் என்றுதான் சொல்வான்.

சிரிப்புச் சத்தம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் 'மேஷ்' என்று போர்க்கள மருத்துவமனை பற்றிய தொடர், 1972-இல் தொடங்கியது. சேனல் பின்னணிச் சிரிப்பு வேண்டும் என்றது. தயாரிப்பாளர்கள் வாதாடி ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் மட்டும் அதைத் தவிர்த்தார்கள். பிரிட்டனில் பிபிசி சிரிப்பே இல்லாமல் ஒளிபரப்பியது. வசனம் அதே, நடிப்பும் அதே. சிரிப்பை எடுத்துவிட்டால் அந்த டாக்டர்களின் கிண்டலுக்கு அடியில் இருக்கும் களைப்பு மேலே வந்துவிடுகிறது. பின்னணிச் சிரிப்பையே விடையாக வைத்தால், ஒரே வசனத்துக்கு இரண்டு வடிவத்திலும் இரண்டு விடை வந்துவிடும்.

---

செவிமொழி டீச்சர் | வெள்ளி, காலை 7.20

காது கேளாத பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கு மேலாகப் பாடம் எடுக்கிறேன். இழையை நேற்றுத்தான் பார்த்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காது கேளாதவர்களுக்குக் கிண்டல் புரியாது என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். எங்கள் பிள்ளைகள் சைகையில் அடிக்கிற லூட்டியைப் பார்த்தால் தெரியும். ஹெட்மாஸ்டர் நடக்கிற நடையைக் கையாலேயே காட்டி வகுப்பையே கவிழ்த்துவிடுவார்கள். வசனவரியின் தம்பிக்குக் கிடைத்தது தட்டையான மூன்று வாக்கியம். 'ஏ, வா ராசா' என்பதை 'வாருங்கள்' ஆக்கிவிட்டால் காது கேட்கிறவருக்கும்தான் ஒன்றும் புரியாது. பேச்சுத் தமிழை இலக்கணத் தமிழாக மாற்றுவது திருத்தம் என்று கருவி நினைக்கிறது. ஆச்சியின் கிண்டல் அந்தப் பேச்சு வழக்கில்தான் பாதி இருக்கிறது.

இரண்டாவது, முகம். சைகை மொழியில் புருவத்தைத் தூக்குவது இலக்கணம். ஆமா, இல்லையா என்று கேட்கும் கேள்விக்குப் புருவம் உயரும். அது ஆச்சரியமும் இல்லை, நக்கலும் இல்லை. முகத்தைப் பார்த்து உணர்ச்சி சொல்லும் மென்பொருளிடம் எங்கள் பிள்ளைகள் பேசும் வீடியோவைக் கொடுத்தால் சாதாரணக் கேள்வி கேட்கும் பிள்ளையை 'வியப்பு' என்று குறித்துவிடலாம். கட்டிங்மேசை சொன்னதுதான், முகம் தனியாக எதையும் சொல்வதில்லை.

வசனவரி, அடுத்த சப்டைட்டிலில் அடைப்புக்குறிக்குள் 'நக்கலாக' என்று போடலாம் என்று நினைத்திருப்பீர்கள். அதற்கு முன்னால் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

---

யாழ்நிலா | வெள்ளி, காலை 7.55

டீச்சர் சொன்னது சரி. ஒரு பகிடியை 'இது பகிடி' என்று சொல்லிக் கொடுத்தால் அது அங்கேயே செத்துப்போகும். விளங்கிக்கொள்ளுற சந்தோஷத்தை அந்தப் பிள்ளைக்கும் விட வேணும்.

---

ஐயம் | வெள்ளி, காலை 10.40

நான் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். அத்தை கிளிப் பற்றிப் படித்த பிறகு, 'புரிகிறது' என்று சுலபமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொல்காப்பியத்தில் நகைக்கு நான்கு காரணம் சொல்வார்கள்: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வது). நாலும் ஒருவர் எப்படி இருக்கிறார் அல்லது இன்னொருவரை எப்படிப் பார்க்கிறார் என்பதிலிருந்து வருகிறவை. சிரிப்பு ஆட்களுக்கு நடுவில்தான் பிறக்கிறது. ஆச்சியும் பெரியப்பா மகனும் இத்தனை வருடம் எப்படிப் பழகினார்கள் என்பது எந்தப் பிரேமிலும் இருக்காது.

---

வசனவரி | ஞாயிறு, இரவு 9.15

தம்பியிடம் கேட்டேன். 'நக்கலாக என்று எழுதாதே அண்ணா' என்றான். 'எனக்குத் தெரியாதது ஆச்சி நினைப்பு இல்லை. அந்த நேரத்தில் உங்கள் எல்லாருக்கும் எது கேட்டதோ அதுதான் எனக்குத் தெரியாது. அதை எழுது.'

அப்படி என்ன கேட்டது என்று ஹெட்போன் மாட்டி நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். ஆச்சி வாயைத் திறப்பதற்கு முன்னாலிருந்தே கொல்லைப் பக்கம் கணகணவென்று ஒரு சத்தம். பந்தி முடிந்து தேக்சா கழுவுகிறார்கள். வந்தவனுக்கும் அது கேட்டிருக்கும், சிரித்தவர்களுக்கும் கேட்டிருக்கும். இரண்டு கருவியும் அதைப் பின்னணி இரைச்சல் என்று தள்ளிவிட்டன. நானும் அப்படித்தான் தள்ளியிருந்தேன், எட்டு வருட அனுபவத்தோடு.

புதிதாக இப்படி எழுதினேன்:

[மத்தியானம் 2.30. கொல்லையில் தேக்சா கழுவும் சத்தம்]
ஆச்சி: ஏ, வா ராசா! நேரத்தோட வந்துட்டியே.
ஆச்சி: இனிமத்தான் பால் காய்ச்சணும்.
[ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் சிரிக்கிறார்கள்]

இனி கருவியிடம் 'இது நக்கலா' என்று கேட்கப்போவதில்லை. என்னென்ன சத்தம் கேட்கிறது, பின்னால் என்ன தெரிகிறது, யார் எப்போது சிரித்தார் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அதில் அது எனக்கு நிஜமாகவே உதவுகிறது. கோலம் அழிந்திருப்பதைக்கூட, அப்படிக் கேட்டபோது சொன்னது.

அனுப்பிய ஐந்தாவது நிமிடம் தம்பியிடமிருந்து வந்தது: "அண்ணனுக்கு சாப்பாடு மிச்சம் இருந்துச்சா?"

இருந்தது. ஆச்சி அவனுக்கென்று தனியாக எடுத்து மூடி வைத்திருந்தாள்.